நிறுத்தி வைத்த ஆற்றுமணி

அத்தியாயம் 6

மம்மதுவுக்குப் பயம் வந்துவிட்டால் வாய் சும்மா இருக்காது. அன்று கரடிப்பாறை எஸ்டேட் ஆபீஸின் படிகளை ஏறி முடிப்பதற்குள் அவன் பேசிய பேச்சை வைத்துப் பார்த்தால், மனுஷனுக்குப் பயம் தலைக்கு மேல் போயிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஏனுங்கக்கா, இந்தக் கம்ப்யூட்டரு கடிக்குமுங்களா?"

"கடிக்காது. வாயை மூடிட்டு வா."

"இல்லீங், எங்க மச்சான் சொன்னான், அது மனுசன் நெனைக்கறதையெல்லாம் கண்டுபிடிச்சிருமாம். எம்பட மனசுல இப்ப ஓடறதை மட்டும் அது படிச்சுதுன்னா, எனக்கு முன்னாடி அது ஊட்டுக்கு ஓடிரும்."

செல்லாத்தாள் சிரிக்கவில்லை. கொல்லங்கோட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினாலு வருஷம் ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கிவிட்டு, ஒரு நாள் அந்தக் காதுக்கருவியைக் கழற்றி வைத்துத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள் அவள். முதலமடை மாங்காய் லாரி ஓட்டிக்கொண்டிருந்த மம்மது அவளுடைய ஜீப்புக்கு டிரைவராக வந்து, வந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு, உதவியாளனும் ஆகிவிட்டான். இருவரும் வண்டிப்பெரியாரைத் தாண்டி இந்த மலைக்கு ஏறி வந்ததற்குக் காரணம் இங்கே கொழுந்தெடுக்கிற ராமுத்தாய். அவளுடைய புருஷனை நாளைக் காலை போலீஸ் வந்து கொண்டுபோகப் போகிறது.

கதை இதுதான். கரடிப்பாறை எஸ்டேட்டின் நடுவே ஓர் ஆறு. தொழிலாளர் குடியிருக்கிற லயங்கள் இந்தக் கரையில், தேயிலைக் கொழுந்துக் காடு அந்தக் கரையில். பாலம் கிடையாது. ஆள் நடக்க வரிசையாகப் பதினெட்டுக் கல் போட்டிருக்கிறது. மேலே மலையில் கம்பெனி கட்டிய சின்ன அணை. அது நிரம்பி வழிந்தால் ஆற்றில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் வந்து அடிக்கும். முன்பெல்லாம் பெண்கள் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத்தான் கல்லில் கால் வைத்தார்கள். போன வருஷம், எழுபத்தேழில், கம்பெனி ஒரு கம்ப்யூட்டர் வாங்கியது. அணையில் ஒரு மிதவை, அதிலிருந்து ஆபீசுக்கு ஒரு கம்பி. தண்ணீர் ஏறினால் கம்ப்யூட்டர் தானாகவே ஆற்றங்கரைக் குடிசைக்குள் மணி அடிக்கும். ராமுத்தாயின் புருஷன், காவல்காரர் பெரியமுத்து, வெளியே வந்து சிவப்புக் கொடியை ஏற்றுவார். அன்றோடு தண்ணீரைப் பார்ப்பதை எல்லாரும் விட்டுவிட்டார்கள். கொடி ஏறவில்லையா, இறங்கு. அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொடி ஏறவில்லை. வேலை முடிகிற பேக்டரிச் சங்கு ஊதியதும் முதல் ஆளாக இறங்கிய அழகுத்தாயைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

மணி அடிக்கவே இல்லை என்று பெரியமுத்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். குடிசைக்குள் அடிக்கிற மணி. அவரைத் தவிர வேறு யார் காதில் விழும்? மேனேஜர் ஒரு காகிதச் சுருளைத் தூக்கிக் காட்டினார். சங்குக்குப் பத்து நிமிஷம் முன்பே மணி அடித்ததாகக் கம்ப்யூட்டரே அச்சடித்திருந்தது. மெஷின் பொய் சொல்லுமா? குடித்துவிட்டுத் தூங்கியிருப்பான் என்று முடிவுகட்டி, பெரியமுத்துவைப் பேக்டரி ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

"டெலிபோன் லைன் பார்க்க வந்திருக்கிறோம்" என்று செல்லாத்தாள் கூசாமல் ஒரு பொய் சொன்னாள். கதவு திறந்தது.

உள்ளே ஐஸ் பெட்டி மாதிரி குளிர். இரண்டு பீரோ அளவுக்கு மெஷின் நின்றது, முகத்தில் சின்னச் சின்ன விளக்குகள் மினுங்கின. பக்கத்தில் டைப்ரைட்டர் மாதிரி ஒன்று, அதன் வாயில் காகிதச் சுருள். அதை இயக்குகிற வீரபாண்டிக்கு முப்பது வயதிருக்கும். இதே எஸ்டேட் லயத்தில் பிறந்து, பம்பாய் போய்ப் படித்துவிட்டு வந்தவன். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. தூங்கி ஒரு வாரம் ஆனவன் முகம்.

"லைன் நல்லாத்தானக்கா இருக்கு" என்றான்.

"லைனு நல்லாத்தான் இருக்குது தம்பி. நான் ராமுத்தாய்க்காக வந்திருக்கறேன். அந்தக் காகிதமெல்லாம் கொஞ்சம் பாக்கோணும்."

வீரபாண்டி கதவை ஒரு தரம் எட்டிப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லாமல் சுவரைக் காட்டினான். சுவரில் ஆணி ஆணியாக, நாளுக்கொன்றாகச் சுருள்கள் தொங்கின. செல்லாத்தாள் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் விரித்தாள். மம்மது எட்டிப் பார்த்தான். கால் மணிக்கு ஒரு வரி, அதில் நேரமும் அணையில் தண்ணீரின் அளவும். வேறொன்றும் இல்லை.

"தெனமும் நாலு மணிக்கு நேரா ஒரு குறி போட்டிருக்குதே, அதென்ன தம்பி?"

"அது பேக்டரி சங்குக்கா. சங்கு ஊதுனா அதுக்கும் ஒரு கம்பி வருது. மெஷின் அதுவாக் குறிச்சிக்கிடும்."

திங்கள், நாலு மணி. புதன், நாலு மணி. வியாழன், வெள்ளி, சனி, எல்லாம் நாலு மணி. செல்லாத்தாள் செவ்வாய்க்கிழமைச் சுருளின் மேல் விரலை வைத்தாள். அதில் நாலு இருபதுக்கு மணி அடித்தது. நாலரைக்குச் சங்கு.

"அன்னிக்கு மட்டும் சங்கு ஊதறவரு அரை மணி நேரம் அசந்துட்டாருங்களா?" என்றான் மம்மது.

"என்னிக்கும் நாலரைக்குத்தாம்ணே சங்கு!" என்று வீரபாண்டி சட்டென்று சொன்னான். சொன்ன வாயை மூட மறந்து அப்படியே நின்றான்.

"மம்மது, உன்ற கடியாரத்துல மணி என்ன?"

"மூணு முப்பத்தஞ்சுங்க."

"அந்தச் செவுத்துக் கடியாரத்துல?"

மம்மது திரும்பிப் பார்த்தான். நாலு அஞ்சு. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. காலையிலிருந்து அவனை எல்லாரும் விரட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆள் கணக்கெடுக்கிற மஸ்டர் நேரம் முடிந்துவிட்டது என்றார் கேட் காவல்காரர். சோறு தீர்ந்துவிட்டது என்றார் கேன்டீன்காரர். தன் கடிகாரம்தான் செத்துவிட்டது என்று அவன் அதை நாலு தட்டுத் தட்டியிருந்தான்.

"எஸ்டேட் டைம்" என்றாள் செல்லாத்தாள். "வெள்ளைக்காரன் காலத்துல வெளிச்சத்துல வேலை வாங்கறதுக்காக அரை மணி முன்னாடி தள்ளி வச்சது. இங்க பொறந்தவங்களுக்கு அதுதான் டைமு. ஆனா மெஷினைக் கொண்டாந்து வச்ச இஞ்சினீயரு ரேடியோ கேட்டு டைம் வச்சுட்டுப் போயிட்டாரு. அதுக்கு எஸ்டேட் டைம் தெரியாது. அது கண்ணுக்குச் சங்கு என்னிக்கும் நாலு மணிக்குத்தான்." அவள் செவ்வாய்க்கிழமைச் சுருளை வீரபாண்டி பக்கம் தள்ளினாள். "இதை மெஷின் அடிக்கலை. இந்த எஸ்டேட்டுல பொறந்து வளந்த ஒரு மனுசன் ஒக்காந்து அடிச்சிருக்கறான். அந்த மனுசன் ஆருன்னு நான் கேக்கோணுமா தம்பி?"

வீரபாண்டி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். பிறகு எல்லாவற்றையும் கொட்டினான்.

மெஷினுக்கு முக்கியமான வேலை வேறு. எந்தக் காட்டில் என்றைக்குக் கொழுந்தெடுக்க வேண்டும், பேக்டரிக்கு எத்தனை இலை வரும் என்று அது கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். அது முன்னால் நடக்கிற வேலை. அணைத் தண்ணீரைப் பார்ப்பது, நேரத்தை அச்சடிப்பது, மணி அடிப்பது, இவையெல்லாம் பின்னால் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். மெஷினுக்குப் புத்தி கொஞ்சம்தான். பின்னால் ஓடுகிறவை அதில் பாதியைத் தின்றுவிடும். கணக்கு முடிய முக்கால் மணி நேரம் ஆகும். செவ்வாய்க்கிழமை ஹெட் ஆபீஸ்காரர்கள் மெஷினைப் பார்க்க வந்திருந்தார்கள்.

"இவ்வளவு துட்டைக் கொட்டி வாங்குன மெசினு, இப்படி மாடு அசை போடுற மாதிரி நிக்குதேன்னு அவுக சிரிச்சாக. மேனேஜர் எம் முதுகுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, பின்னாடி ஓடுறதையெல்லாம் நிறுத்துடான்னாரு. நிறுத்துனேன்கா. பத்தே நிமிசத்துல கணக்கு வந்துருச்சு. எல்லாரும் கையத் தட்டுனாக. அந்தச் சந்தோசத்துல திருப்பிப் போட மறந்துட்டேன்."

"பொண்ணு பாக்க வர்றவங்களுக்குத் தொந்தரவுன்னு ஊட்டு நாயை அவுத்து உட்ட கதையா இருக்குது" என்றான் மம்மது. சொல்லிவிட்டு அவனுக்கே அது சிரிப்பாக இல்லை.

"அழகுத்தாய் அத்தை போனப்புறம் மேனேஜர் கூப்புட்டாரு. பேப்பரை நீயே அடி, இல்லாட்டி உன்னயத்தான் உள்ள தள்ளுவாகன்னாரு. அடிச்சேன். பெரியமுத்து மாமா எங்க லயந்தான்கா. மூணாவது வீடு. அவரு அழுத அழுகை எங்காதுல விழுந்துக்கிட்டே இருக்கு."

"எழுந்திரு. வந்து இதைப் பெரியவங்க முன்னாடி சொல்லு."

"அன்னிக்கு ராத்திரியே எல்லாத்தையும் திருப்பிப் போட்டுட்டேன்கா. சத்தியமா. இனி எத்தனை துரை வந்து சொன்னாலும்..."

செல்லாத்தாள் கையைத் தூக்கி அவனை நிறுத்தினாள். தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள். மம்மதுவும் காதைத் தீட்டினான். மெஷினின் இரைச்சல், வெளியே மழை. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"கால் மணிக்கு ஒருக்கா அது ஒரு வரி அடிக்கும், இல்லியா தம்பி?"

"ஆமாக்கா."

"நாங்க உள்ள வந்து அரை மணி நேரமாச்சு. ஒரு சத்தமும் கேக்கலையே."

வீரபாண்டி பாய்ந்து சுருளைப் பிடித்து இழுத்தான். இன்றைய தேதியில் கடைசி வரி: ஒன்றேகால். அதற்குக் கீழே வெறும் காகிதம்.

"நான் நிறுத்தலை. ஆத்தா சத்தியமா நான் நிறுத்தலை!" அவன் குரல் உடைந்தது. "மத்தியானம் ஹெட் ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு, கணக்கு ஒடனே வேணும்னு. மேனேஜர் என்னயச் சாப்புடப் போகச் சொன்னாரு. அன்னிக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டிருந்தாருல்ல, அவரே அடிச்சிருப்பாரு. அவருக்குத் திருப்பிப் போடத் தெரியாதுக்கா!"

ஜன்னலுக்கு வெளியே மேல்மலை தெரியவில்லை. மத்தியானத்திலிருந்து அங்கே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. அணை எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று அப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது.

"போடுடா இப்ப!" என்று மம்மது கத்தினான்.

"டேப்புல இருந்து ஏத்தணும்ணே. இருவது நிமிசம் ஆகும்."

"நேரமிருக்குது, மணி மூணே முக்கால்தான்" என்று மம்மது தன் கையைப் பார்த்துச் சொன்னான். சொல்லும்போதே சுவரைப் பார்த்தான். நாலேகால். சங்குக்குக் கால் மணி நேரம். அக்கரையில் முப்பது பெண்கள், அவர்களில் ராமுத்தாயும் ஒருத்தி.

"நீ டேப்பை ஏத்து" என்று வீரபாண்டியிடம் சொன்ன செல்லாத்தாள், செவ்வாய்க்கிழமைச் சுருளை மடியில் செருகினாள். "நான் பேக்டரிக்குப் போயி சங்கை ஊத உடாமப் பண்றேன். மம்மது, நீ ஆத்துக்குப் போ."

"எனக்கு நீச்சல் தெரியாதுங்கக்கா."

"தெரியும் மம்மது. போ."

அவனுக்கு நீச்சல் தெரியாது என்பது தனக்குத் தெரியும் என்றுதான் அவள் சொன்னாள். அது ஜீப்பில் ஏறிப் பாதி இறக்கம் இறங்கிய பிறகுதான் மம்மதுவுக்கு விளங்கியது. சேற்றில் வண்டி இடதும் வலதுமாக வழுக்கியது. "யா அல்லா, மாங்காய் லாரியே போதுமுன்னு இருந்திருக்கலாம், யா அல்லா" என்று வாய் அது பாட்டுக்குப் புலம்பிக்கொண்டிருந்தது.

ஆற்றங்கரைக் குடிசையில் புதுக் காவல்காரர் சங்கையா கொடியை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, கொடியை ஏத்துங்க! தண்ணி வருது!"

"மணி அடிக்கலையேய்யா."

"மணி அடிக்காது! அதை நிறுத்திட்டாங்க!"

"மணி அடிக்காமக் கொடி ஏத்துனா துரை என்னய வேலையை விட்டுத் தூக்கிருவாக. பெரியமுத்து கதி தெரியும்லா? நான் மணிக்குக் கட்டுப்பட்டவன்." சங்கையா கொடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அவரோடு மல்லுக்கட்ட நேரமில்லை. மம்மது வெளியே ஓடி வந்தான். சங்கு இன்னும் ஊதவில்லை. ஊத வேண்டிய தேவையே இல்லை. மழைக்காகக் கங்காணி முன்னதாகவே வேலையை விட்டிருந்தார். அக்கரையில் கொழுந்துக் கூடையும் தலையில் சாக்கும் பெண்களுமாக வரிசை நின்றது. முன்னால் வந்தவள் மூன்றாவது கல்லில் இருந்தாள். அது ராமுத்தாய்.

"போங்க! திரும்பிப் போங்க!" என்று கத்தினான். மழையில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. ஜீப்பின் ஹாரனை அழுத்திப் பிடித்தான். பெண்கள் ஜீப்பைப் பார்த்தார்கள், பிறகு கொடிக்கம்பத்தைப் பார்த்தார்கள். கொடி ஏறவில்லை. ராமுத்தாய் நாலாவது கல்லுக்குத் தாண்டினாள்.

மம்மது என்ன செய்தான் என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். அவனுக்குச் சரியாக ஞாபகமில்லை. செருப்பை உதறியது ஞாபகமிருக்கிறது. முதல் கல்லில் கால் வைத்ததும் ஞாபகமிருக்கிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனான். ஒன்பதாவது கல்லில் எண்ணிக்கை மறந்துவிட்டது. கல் ஒரு ஆள் அகலம்தான். நடு ஆற்றில் அந்தக் கல்லின் மேல் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டான்.

"யாருய்யா நீ, எந்திரி!" என்றாள் ராமுத்தாய், மழையில் அவனை அடையாளம் தெரியாமல். இப்போது இரண்டு கல் தூரம்தான்.

"எந்திரிக்க மாட்டனுங்க. எம்மேல ஏறித்தான் போகோணும்."

"பைத்தியமா ஒனக்கு? ஏட்டி மாரித்தாயி, இங்க ஒரு கோட்டி ஒக்காந்திருக்கு!"

"கோட்டிதானுங்க. கோட்டிக்காரன் சொல்றதை ஒரே ஒருக்காக் கேளுங்க. தண்ணியப் பாருங்க. கொடியப் பாக்காதீங்க, காலுக்குக் கீழ தண்ணியப் பாருங்க!"

அவள் குனிந்து பார்த்தாள். அவனும் பார்த்தான். கொஞ்ச நேரத்துக்கு முன்பு தெளிவாக ஓடிய தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. ஒரு ஓலை மட்டை சுழன்றுகொண்டே வந்து கல்லில் இடித்தது. அடுத்த நொடி உட்கார்ந்திருந்தவனின் தொடை நனைந்தது.

"ஆத்தீ!" என்று ராமுத்தாய் அலறினாள். "திரும்புங்கடி! திரும்புங்க!"

அவர்கள் ஓடினார்கள். மம்மதுவும் எழுந்து தன் கரையைப் பார்த்து ஓடினான். கடைசி மூன்று கல் கண்ணுக்குத் தெரியவில்லை, கால்தான் தேடிக் கண்டுபிடித்தது. நாணலைப் பிடித்துக் கரையில் விழுந்து, நாலு காலில் தவழ்ந்து மேடேறினான். முதுகுக்குப் பின்னால் மலையே இடிந்து விழுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது கற்களே இல்லை. செங்காவி வெள்ளம் கரை முட்ட ஓடியது. அக்கரையில் கங்காணி பெண்களை எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு தரம் எண்ணினார். பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கினார். முப்பது பேரும் இருக்கிறார்கள்.

மம்மது அப்படியே சேற்றில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

கொஞ்ச நேரம் கழித்துக் குடிசைக்குள் மணி அடித்தது. சங்கையா வெளியே வந்து, வெள்ளத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார். பிறகு பொறுப்பாகக் கொடியை ஏற்றினார்.

மணி அடித்த கையோடு வீரபாண்டி ஓடி வந்தான். சட்டையெல்லாம் சேறு, வழியில் எங்கோ விழுந்திருக்கிறான். அவன் அக்கரையைப் பார்த்து ஒவ்வொரு முகமாகத் தேடினான்.

"எல்லாரும் இருக்கறாங்க தம்பி" என்றான் மம்மது. "மேல என்ன ஆச்சு?"

"அக்கா சங்கை நிறுத்திப்புட்டு, சுருளை எடுத்துக்கிட்டு நேரா ஸ்டோர் ரூமுக்குப் போயிட்டாக. பேக்டரியப் பாத்துக்கிடுற டீ மேக்கர் முன்னால விரிச்சுக் காட்டி, பூட்டைத் திறக்கச் சொன்னாக. பெரியமுத்து மாமா வெளிய வந்துட்டாரு, வர்ற வழில எங்கண்ணால பாத்தேன்." அவன் மூச்சு வாங்கினான். "மேனேஜர் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருக்காரு."

ராமுத்தாய் அக்கரையிலிருந்து என்னவோ கேட்டாள். வெள்ளத்தின் இரைச்சலில் ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. கையை விரித்து விரித்துக் கேட்டாள். புருஷனைத்தான் கேட்கிறாள் என்று யாருக்கும் தெரியும். மம்மது பூட்டைத் திறப்பதுபோல் கையைத் திருப்பிக் காட்டி, ஓர் ஆள் வெளியே நடந்து வருவதுபோல் நடந்து காட்டினான். அவளுக்குப் புரிந்துவிட்டது. கூடையைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு கையை ஆட்டி இன்னொன்று கேட்டாள். அப்படியானால் தப்புச் செய்தது யார்?

வீரபாண்டி தண்ணீர் ஓரத்துக்குப் போய் நின்றான். ஆபீஸ் இருந்த திசையைக் கையால் காட்டினான். குடிசையைக் காட்டினான். மணி அடிப்பதுபோல் கையை ஆட்டி, அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்து நிறுத்தினான். பிறகு தன் நெஞ்சில் ஓங்கி ஓங்கிக் குத்திக்கொண்டான்.

அக்கரையில் ஒருவரும் அசையவில்லை. அழகுத்தாயின் அக்காள் மாரித்தாய் மட்டும் முன்னால் வந்து, கரையோரம் குந்தி, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, ஜீப்புல ஏறுங்க" என்றான் மம்மது. அவனுக்கு மறுபடியும் பயம் பிடித்துக்கொண்டது. "இன்னும் ஒரு மணி நேரத்துல தண்ணி வடிஞ்சிரும். வடிஞ்சா அவங்க எல்லாரும் இந்தப் பக்கம் வருவாங்க. நான் உங்களைப் போலீஸ்லயே கொண்டுபோய் உடறேன். அங்க இருந்தீங்கன்னா உசுராவது இருக்கும்."

"வரட்டும்ணே."

"சொன்னாக் கேளுங்க தம்பி."

"இல்லண்ணே. அவுகளுக்குத்தான் மொதல்ல சொல்லணும். கையக் காலை ஆட்டி இல்ல. வாயால."

வீரபாண்டி முதல் கல் இருந்த இடத்துக்கு நேராக ஈர மண்ணில் உட்கார்ந்தான். மம்மது எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தான். வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. விட்டுவிட்டுப் போகவும் மனசில்லாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மழை விட்டது. வெகு நேரம் கழித்து மாரித்தாய் எழுந்து நின்று, சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். அவள் காலடியில் முதல் கல் தலை காட்டியிருந்தது.